மூன்று பிள்ளைகள், மூன்று நாடுகள், நாற்பது நாட்கள்

தைப்பொங்கல் முடிந்த கையோடு எமது பகுதிகளில் சில வீடுகளில் ஒரு புதிய பரபரப்புத் தொடங்கிவிடுகின்றது. "இந்த ஆடிக்கு அம்மாவைக் கூப்பிடப் போறம்" என்று வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள். அங்கே கோடை விடுமுறைக் காலம் அதுதான். பாடசாலைகள் மூடியிருக்கும், குளிர் இருக்காது, வேலைத்தலங்களில் லீவு எடுக்கலாம். தாயாருக்கோ பத்து, பதினைந்து, இருபது வருடங்களாகக் காணாத பிள்ளைகள். பிறந்ததிலிருந்து கைத்தொலைபேசியின் கண்ணாடியில் மட்டுமே பார்த்த பேரப்பிள்ளைகள்.

யுத்தமும் இடப்பெயர்வும் எமது குடும்பங்களை ஒரு நாட்டுக்கு அனுப்பவில்லை. யாருக்கு எந்த வழி கிடைத்ததோ அந்த வழியால் போனார்கள். ஒருவர் பாரிஸ், ஒருவர் சூரிச், ஒருவர் ஒஸ்லோ, ஒருவர் ஸ்காபரோ என்று ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் சிதறிக் கிடக்கின்றார்கள். ஆகவே எமது தாய்மாருக்கு "வெளிநாட்டுச் சுற்றுலா" என்பது இடங்களைச் சுற்றிப் பார்ப்பது அல்ல. பிள்ளைகளைச் சுற்றிப் பார்ப்பது. இதனால் எந்த வீட்டையும் விட்டுவிட முடியாது. "அண்ணா வீட்டில பத்து நாள், எங்கட வீட்டில ரெண்டு நாளோ?" என்ற கேள்வி விமானம் ஏறுவதற்கு முன்பே வந்துவிடும். முடிவில் எல்லோருடைய மனமும் நோகாமல் ஒரு திட்டம் போடப்படும். அந்தத் திட்டத்தில் தாயாருடைய முழங்காலையும் நித்திரையையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

எமது பெண்கள் குழுவில் உள்ள ஒரு தாயாரின் பயணத்தை இங்கே எடுத்துக்கொள்கின்றேன். அவர் அனுமதி தந்த அளவுக்கு மட்டும் எழுதுகின்றேன். வன்னியைச் சேர்ந்தவர், வயது அறுபத்து நான்கு. 2009 இல் கணவரை இழந்தவர். மூத்த மகன் 2001 இல் நாட்டை விட்டுப் போய்ப் பாரிஸின் புறநகரில் குடும்பமாக இருக்கின்றார். மகள் திருமணமாகி சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகருக்கு அருகில் வசிக்கின்றார். இளைய மகன் ஜேர்மனியில் டோர்ட்முண்ட் நகரில் ஒற்றை அறையில் இருக்கின்றார். அவர் அகதி அந்தஸ்துப் பெற்றவர் என்பதால் இங்கே வந்து தாயைப் பார்க்க முடியாது. தாயும் மூன்று பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இருந்த கடைசி வருடம் 2001.

2025 ஆம் ஆண்டு தை மாதத்தில் மூத்த மகன் வட்ஸ்அப்பில் ஒரு திட்டம் அனுப்பினார். லண்டனில் தாய்மாமன் வீட்டில் 4 நாட்கள், பாரிஸில் 6, லூர்து மாதா கோயிலுக்கு 2, டோர்ட்முண்டில் 4, ஒஸ்லோவில் பெரியம்மாவின் மகள் வீட்டில் 4, பேர்னில் 6. போக வர 2 நாட்களையும் சேர்த்து மொத்தம் 28 நாட்கள். அன்போடு போட்ட திட்டம்தான், அதில் சந்தேகமே இல்லை. அந்தத் தாயார் அதைக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து, "எனக்குத் தலை சுத்துது பிள்ளை" என்றார்.

நாங்கள் ஒரு கொப்பித் தாளில் கோடு போட்டு 28 கட்டங்கள் கீறினோம். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறும் நாளைக் கறுப்பாக்கினோம். காலையில் பொதி கட்டி, வீட்டாரிடம் விடைபெற்று அழுது, ரயிலோ விமானமோ பிடித்து, மாலையில் இன்னொரு வீட்டில் இறங்கி, அங்கேயும் அழுது, புதிய குளியலறையையும் புதிய கட்டிலையும் பழகுவதற்குள் அந்த நாள் போய்விடும். இடமாற்றம் ஒன்றுக்கு ஒரு நாள் என்பது குறைந்த கணக்குத்தான். வந்து இறங்கிய முதல் மூன்று நாட்களும் உடம்பு இந்த நாட்டு நேரத்தில்தான் இயங்கும், அவையும் கறுப்பு. இப்படிக் கறுப்பாக்கிக்கொண்டு போனபோது பிள்ளைகளோடு ஆறுதலாக இருந்து கதைப்பதற்கென்று வெள்ளையாக எஞ்சிய கட்டங்கள் பதினாறு. அதிலும் பிள்ளைகள் வேலைக்குப் போகும் நாட்களைக் கழித்தால் எட்டோ ஒன்பதோதான்.

இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. எமது பெண்களுக்குப் பொதி கட்டுவது என்பது வெறும் வேலை அல்ல. ஊர் ஊராக ஓடியபோது கட்டிய மூட்டைகளின் நினைவு அந்தக் கைகளில் இருக்கின்றது. வேறொரு சகோதரி மகளிடம் நோர்வே சென்றிருந்தபோது, நாளைக்குப் புறப்பாடு என்று சொன்னால் முதல்நாள் இரவு முழுவதும் நித்திரை கொள்ளாமல், பொதியைக் கதவடியில் வைத்துவிட்டு உடுத்த உடுப்போடு இருப்பாராம். "இது விடுமுறை அம்மா" என்று மகள் எத்தனை முறை சொன்னாலும் உடம்பு கேட்கவில்லை. ஆறு இடங்கள் என்றால் ஆறு அப்படியான இரவுகள். இதை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அறியமாட்டார்கள், நாம்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

முதலில் வெட்டியது லண்டனை. காரணம் எளிது. பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே முதலிய நாடுகளுக்கு ஷெங்கன் என்னும் ஒரே விசா போதும். பிரித்தானியா அதற்குள் இல்லை. அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனிக் காத்திருப்பு. கடவுச்சீட்டோ ஒன்றுதான். நான்கு நாட்களுக்காக இதெல்லாம் தேவையா? லண்டனிலிருந்து பாரிஸுக்குக் கடலுக்கு அடியால் ஓடும் ரயிலில் இரண்டேகால், இரண்டரை மணித்தியாலம். தாய்மாமன் பிரித்தானியப் பிரஜை, அவர் ரிக்கற் எடுத்து ஏறினால் போதும். அவர் வந்தார், இரண்டு இரவு நின்றார். அக்காவும் தம்பியும் சமையலறையில் இருந்து விடியுமட்டும் கதைத்ததாகப் பின்னர் அறிந்தோம்.

இதைத்தான் எல்லாத் தாய்மாருக்கும் சொல்ல விரும்புகின்றேன். உங்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படும் எல்லோருடைய வீட்டுக்கும் நீங்கள்தான் போகவேண்டும் என்று எங்கும் எழுதியில்லை. இளம் வயதினர், அந்த நாட்டு மொழி தெரிந்தவர்கள், அவர்கள் வரலாம். ஒஸ்லோவையும் இப்படியே விட்டோம். லூர்து பாரிஸிலிருந்து அதிவேக ரயிலிலும் ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம். போக ஒரு நாள், வர ஒரு நாள். அதையும் அம்மாவே வேண்டாம் என்றார். பாரிஸில் மாணிக்கப் பிள்ளையார் தேரைப் பார்க்க ஆவணி முடியுமட்டும் நிற்கலாமே என்று மகன் கேட்டபோது, "தேர் நல்லூரிலயும் பாக்கலாம், உங்களை அங்கதானே பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

ஆனால் டோர்ட்முண்டை வெட்ட அவர் சம்மதிக்கவில்லை. இளையவர் ரயிலேறி அண்ணன் வீட்டுக்கோ அக்கா வீட்டுக்கோ வரலாம்தான். "அவன் படுக்கிற இடத்தை ஒருக்கா என்ர கண்ணால பாக்கவேணும்" என்றார். ஒற்றை அறை, சமையல் மூலை, இரண்டு மாடி ஏறவேண்டும். வசதி என்று பார்த்தால் அந்த வீட்டை விடவேண்டும். ஆனால் வசதிக்காக மட்டும் திட்டம் போட்டால் பயணமே போகத் தேவையில்லை. ஆறு இரவுகள் என்று தீர்மானித்தோம்.

இறுதியில் வந்த திட்டம் இது. ஆடி மாதம் 17 ஆம் திகதி பாரிஸில் இறங்குவது, அங்கே 14 இரவுகள். 31 ஆம் திகதி டோர்ட்முண்ட், 6 இரவுகள். ஆவணி 6 ஆம் திகதி பேர்ன், 18 இரவுகள். 24 ஆம் திகதி சூரிச்சிலிருந்து திரும்புதல். பிரான்சில் ஆவணி 15 ஆம் திகதி பொது விடுமுறை. 2025 இல் அது வெள்ளிக்கிழமையில் வந்தது. அந்த மூன்று நாட்களுக்கு மூத்தவர் பேர்னுக்கு வரவும், இளையவர் லீவு போட்டு வந்து சேரவும் ஒழுங்கு செய்தோம். நான்கு பேரும் ஒரே வீட்டில் இருக்கும் அந்த நாட்களை முதலில் குறித்துவிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றிப் பொருத்தினோம்.

போகும்போது ஒரு நகரில் இறங்கி, வரும்போது வேறொரு நகரிலிருந்து ஏறும்படி ஒரே ரிக்கற்றாக எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. இதற்கு இரட்டிப்புப் பணம் என்று நினைக்கின்றார்கள். அப்படியல்ல, பெரும்பாலும் சாதாரண போக வர ரிக்கற்றோடு ஒப்பிடக்கூடிய விலைதான். பாரிஸுக்கே திரும்பிப் போய் விமானம் ஏறும் ஒரு நாளும் நான்கு மணித்தியால ரயிலும் இதனால் மிச்சம்.

விசா பற்றிச் சிலவற்றைச் சொல்லவேண்டும். பல நாடுகளுக்குப் போவதென்றால் எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகின்றீர்களோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமம் என்றால் முதலில் காலடி வைக்கும் நாடு. இந்தத் தாயாருக்கு 18 இரவுகள் என்பதால் சுவிஸ். 180 நாட்களுக்குள் 90 நாட்கள்வரை தங்கலாம், இறங்கும் நாளும் புறப்படும் நாளும் கணக்கில் சேரும். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்காலத்துக்கு நேரம் கிடைப்பது கடினம் என்பதால் மாசி, பங்குனியிலேயே தொடங்கிவிடுங்கள். 2024 ஆனி முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திரும்பக் கிடையாது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி கட்டாயம். கடவுச்சீட்டு, நீங்கள் அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பின்னரும் மூன்று மாதங்கள் செல்லுபடியாக வேண்டும். விசா கையில் வரும்வரை திரும்பப் பெற முடியாத ரிக்கற்றுக்குக் காசு கட்டாதீர்கள், ஆசனப் பதிவைக் காட்டினால் போதும்.

பிள்ளைகள் அனுப்பும் அழைப்புக் கடிதங்களில் உள்ள திகதிகளும் நீங்கள் விண்ணப்பத்தில் எழுதும் திகதிகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பிரான்சில் நகரசபை தரும் வரவேற்புப் பத்திரம், ஜேர்மனியில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒப்பமிடும் பொறுப்பேற்புப் பத்திரம் போன்றவற்றை எடுக்கப் பிள்ளைகளுக்கு நாட்கள் செல்லும். தனித்த பெண்கள், குறிப்பாகக் கணவரை இழந்தவர்கள், "இவர் திரும்பி வருவாரா" என்ற சந்தேகத்துக்கு அதிகம் ஆளாகின்றார்கள். சம்பளச் சீட்டு இல்லாவிட்டால் என்ன? காணி உறுதி, கிராம அலுவலர் சான்றிதழ், சிறுதொழில் பதிவு, சங்கத்துச் சேமிப்புக் கொப்பி, இங்கே உள்ள பிள்ளைகளின் விபரம் எல்லாம் உங்கள் வாழ்க்கை இங்கேதான் என்பதற்குச் சாட்சி. "விசா நிச்சயம்" என்று சொல்லிப் பணம் கேட்கும் முகவர் எவராக இருந்தாலும் விலகி நில்லுங்கள். நிச்சயம் என்று சொல்லும் அதிகாரம் அவர்கள் எவருக்கும் இல்லை.

திகதிகளை ஏன் அப்படித் தெரிந்தோம் என்பதையும் சொல்லவேண்டும். ஆடி 14 பிரான்சின் தேசிய நாள். காலையில் போர் விமானங்கள் பாரிஸுக்கு மேலே வரிசையாகத் தாழப் பறக்கும். அதற்கு முந்திய நாட்களில் ஒத்திகையும் நடைபெறும். இரவில் வாணவேடிக்கை. ஆவணி 1 சுவிஸின் தேசிய நாள். அன்றிரவும் முதல்நாள் இரவும் கிராமங்கள் தோறும் வெடி கொளுத்துவார்கள். அங்கு பிறந்த பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். கிபிரின் இரைச்சல் கேட்டுப் பங்கருக்குள் ஓடியவர்களுக்கு அப்படியிருக்காது. பிரான்சில் மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலை அண்டிச் சைரன் ஊதிப் பரீட்சித்துப் பார்ப்பதும் வழக்கம். எமது திட்டத்தில் 14 ஆம் திகதிக்குப் பின்னர்தான் பாரிஸ், 1 ஆம் திகதிக்குப் பின்னர்தான் பேர்ன். திகதியை மாற்ற முடியாதவர்கள் முன்கூட்டியே அறிந்து வைத்திருங்கள். அந்த நேரம் யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சத்தம் எங்கிருந்து, எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்திருந்தாலே பாதிப் பயம் குறையும்.

பயணத்தின் முதல் இறங்குதுறை பாரிஸ் அல்ல, கொழும்பு. முல்லைத்தீவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ இரவு முழுவதும் வானில் குலுங்கி வந்து, அப்படியே கட்டுநாயக்கவில் விமானம் ஏறுகின்ற பழக்கம் எம்மிடம் உண்டு. வீட்டுப் படலையைத் தாண்டிய நேரத்திலிருந்து கணக்குப் பார்த்தால் முப்பது மணித்தியாலத்துக்கு மேல் நித்திரையில்லை. வெள்ளவத்தையிலோ நீர்கொழும்பிலோ உறவினர் வீட்டில் ஒரு முழு இரவு படுத்தெழும்பிப் போங்கள். அந்த ஒரு இரவு அங்கே இரண்டு நாட்களை மீட்டுத் தரும்.

வளைகுடா நாடொன்றில் மாறிப் போகும் விமானம் என்றால் அந்த விமான நிலையங்கள் ஓர் ஊர் அளவுக்குப் பெரியவை. சக்கர நாற்காலி உதவியை ரிக்கற் எடுக்கும்போதே இலவசமாகப் பதியலாம். எமது தாயார் முதலில் மறுத்தார். "நான் நடக்கமாட்டாதவளோ?" என்று கேட்டார். நடக்க முடிந்தவர்களும் நீண்ட நேரம் நிற்க முடியாவிட்டால் கேட்கலாம், மொழி தெரியாத இடத்தில் சரியான வாசலுக்குக் கொண்டுபோய் விடும் ஆள் கிடைப்பதே பெரிய உதவி என்று விளக்கியபின் சம்மதித்தார். 2025 ஐப்பசி முதல் ஷெங்கன் நாடுகளின் எல்லையில் வெளிநாட்டவரின் கைரேகையும் முகப்படமும் எடுத்துப் பதியும் புதிய முறை வந்துள்ளதால் இனிப் போகின்றவர்கள் வரிசையில் கூடுதல் நேரம் நிற்க நேரலாம்.

உடம்பில் செல் துண்டுகள் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு குறிப்பு. உலோகச் சோதனை வாசலில் சத்தம் வரலாம். குற்றவாளிபோல் பதறத் தேவையில்லை. எந்த இடத்தில் துண்டு உள்ளது என்று வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதித் தந்த கடிதத்தையும், முடிந்தால் எக்ஸ்ரே பிரதியையும் கைப்பையில் வைத்திருங்கள். செயற்கைக் கால் அணிந்தவர்கள் சோதனைக்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். மேலதிகமாகத் தொட்டுச் சோதிக்க வேண்டுமானால், பெண் உத்தியோகத்தர் ஒருவரால் தனி அறையில் சோதிக்கும்படி கேட்கலாம். இந்த வசனத்தையும் ஆங்கிலத்தில் ஒரு துண்டில் எழுதி வைத்திருங்கள்.

மருந்துகளைப் பெரிய பொதிக்குள் போடாதீர்கள். கோடையில் பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் நாடுகளின் நேரம் எமது நேரத்துக்கு மூன்றரை மணித்தியாலம் பிந்தியது. சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் குளிசை எடுப்பவர்கள் நேரத்தை எப்படி நகர்த்துவது என்று கிளினிக்கில் கேட்டு எழுதி எடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் கட்டாயம் கேட்கவேண்டும். நாற்பது நாட்களுக்கும் மேலாக ஒரு கிழமைக்கான மருந்து கையில் இருக்கட்டும்.

பொதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முப்பது கிலோவும் பிள்ளைகளுக்கான சாமான்தான், எனக்குத் தெரியும். ஒடியல் மா, மிளகாய்த்தூள், கருவாடு கொண்டுபோகலாம். இறைச்சி, நெய், பாற்பண்டங்கள், கறிவேப்பிலை, மாம்பழம், முருங்கைக்காய் ஆகியவற்றுக்கு அனுமதியில்லை. மூன்று பிள்ளைகளின் பங்கையும் மூன்று வீட்டுக்கும் நீங்களே இழுத்துத் திரியாதீர்கள். முதல் வீட்டிலேயே இறக்கிவிட்டால் மற்றவர்கள் வரும்போது எடுத்துப் போவார்கள். பாரிஸுக்குப் பிறகு எமது தாயாரிடம் இருந்தது ஒரு சிறிய சக்கரப் பை மட்டுமே.

முதல் மூன்று நாட்களும் எங்கும் வெளிக்கிட வேண்டாம் என்று மகனுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம். அவரோ முதல் ஞாயிற்றுக்கிழமையே ஈபிள் கோபுரத்துக்கு ரிக்கற் எடுத்து வைத்திருந்தார். அதை அடுத்த கிழமைக்கு மாற்றச் செய்தோம். ஆடியில் அங்கே இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும், கண்ணை மூட மனம் வராது. யன்னலை நன்றாக மறைத்துப் படுக்கவேண்டும். ஒரு நாள் வெளியே போனால் அடுத்த நாள் வீடு என்பதுதான் எமது ஒழுங்கு. போகும் நாளிலும் அரை நாள்தான். பாரிஸின் நிலக்கீழ் ரயில் நிலையங்களில் பெரும்பாலானவற்றில் மின்தூக்கி இல்லை, படிகள் அதிகம். முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்குப் பஸ்தான் நல்லது, ஊரையும் பார்க்கலாம். லா சப்பல் பகுதியில் தமிழ்க் கடைகளைப் பார்க்கப் போன நாளில் அவருக்கு இரண்டு ஊர்ச்சனங்கள் எதிர்ப்பட்டார்களாம். ஈபிள் கோபுரத்தைவிட அதைத்தான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கின்றார்.

வெளிநாடு என்றாலே குளிர் என்று நினைத்து வெயிலை யாரும் கவனிப்பதில்லை. 2003 ஆவணியில் பிரான்சில் வீசிய வெப்ப அலையில் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் முதியவர்கள். அங்குள்ள வீடுகள் சூட்டைப் பிடித்து வைக்கக் கட்டப்பட்டவை. மேல் மாடி வீடுகளில் மின்விசிறிகூட இருக்காது. எத்தனையாவது மாடி, மின்தூக்கி உண்டா, மின்விசிறி உண்டா என்ற மூன்று கேள்விகளையும் வெட்கப்படாமல் முதலே கேளுங்கள்.

பிள்ளைகளின் வேலை நேரத்தையும் அப்படியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எமது பிள்ளைகள் பலர் உணவகங்களிலும் துப்புரவு வேலைகளிலும் அதிகாலையும் இரவுமாக உழைப்பவர்கள். எல்லா லீவையும் ஒரே தடவையில் எடுக்க முடியாது. தாயார் பகல் முழுவதும் மொழி விளங்காத பேரப்பிள்ளையோடு நான்கு சுவருக்குள் இருந்துவிட்டு வருவதும் நடக்கின்றது. பாரிஸில் நின்ற 14 நாட்களில் இரண்டாவது கிழமைதான் மகனுக்கு லீவு. முதல் கிழமையை அவர் ஓய்வுக்கும், பேத்திக்கு இடியப்பம் பிழியக் காட்டிக்கொடுப்பதற்கும் வைத்துக்கொண்டார். சமூகவியல் படித்த காலத்தில் உறவுகளில் கொடுப்பதும் வாங்குவதும் பற்றி நிறைய வாசித்திருக்கின்றேன். ஒரு தாயாரை வெறும் விருந்தாளியாக இருத்தி வைத்தால் அவர் மூன்று நாளில் வாடிப்போவார் என்பதை அறிய அந்தப் புத்தகங்கள் தேவையில்லை.

டோர்ட்முண்டிலிருந்து பேர்னுக்கு ரயிலில் ஏழு மணித்தியாலமளவில் செல்லும், இடையில் மாறவும் வேண்டும். ஜேர்மன் ரயில்கள் தாமதமாவது அங்கே சாதாரணம். ஆகவே காலை ரயில், மாறும் நிலையத்தில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாத இடைவெளி, கூடவே இளைய மகன். தாய்மாரைத் தனியே ரயில் மாற விடவே கூடாது.

திட்டம் போட்ட நாட்களில் நான் அவரிடம் கேட்ட ஒரு கேள்விக்கு உடனே பதில் வரவில்லை. "பிள்ளைகளைப் பார்ப்பதைத் தவிர, உங்களுக்கென்று என்ன பார்க்க ஆசை?" என்று கேட்டேன். எனக்கென்ன ஆசை என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த கிழமை கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிய பிறகு வந்து, "பனி பாக்கவேணும்" என்றார். மகள் அங்கே போன முதல் குளிர்காலத்தில் பனிக்குள் நின்று எடுத்து அனுப்பிய படம் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டதாம்.

ஆவணியில் பனியா என்று மகளே கேட்டார். உண்டு. யுங்பிராவ்யோக் என்னும் மலையுச்சி ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 3,454 மீற்றர் உயரத்தில் உள்ளது, வருடம் முழுவதும் பனி. ஆனால் ரிக்கற் விலை மிக அதிகம், அந்த உயரத்தில் காற்றும் குறைவு. பிரஷரும் இருதய வருத்தமும் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் போகக்கூடாது. இவருடைய வைத்தியர் வேண்டாம் என்றார். ஆகவே கிறிண்டெல்வால்ட் என்னும் கிராமத்துக்கு ரயிலில் கூட்டிப்போனார்கள். அது ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் உயரம்தான். அங்கே ஒரு வாங்கில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே பனிமலையை நிமிர்ந்து பார்க்கலாம். தெளிவான நாட்களில் பேர்ன் நகரிலிருந்தே அந்த மலைத்தொடர் தெரியும். மகளின் வீட்டுக்கு அருகே அப்படித் தெரியும் ஒரு மேட்டுக்கு மாலைகளில் தாமாகவே நடந்து போய் வந்தாராம். இருபத்தெட்டு நாள் திட்டத்தில் இப்படித் தாமாக நடந்து போய்வர ஒரு மாலையும் இருந்திராது.

ஐரோப்பாவுக்குப் போக எல்லோருக்கும் வசதி கிடைக்காது. ஆனால் இதே கணக்கு இந்தியாவுக்கும் பொருந்தும். பலாலி–சென்னை விமானசேவை 2022 மார்கழியில் மீண்டும் தொடங்கிய பின்னரும், காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பல் 2023 ஐப்பசியில் ஆரம்பித்த பின்னரும் எமது பெண்கள் பலர் தலயாத்திரை போகின்றார்கள். பத்து நாட்களில் வேளாங்கண்ணி, சிதம்பரம், மதுரை, இராமேஸ்வரம், திருச்செந்தூர், பழனி, திருப்பதி என்று வானில் ஓடி, கோயில் வாசலில் நித்திரை தூங்கி வருகின்றார்கள். நாகபட்டினத்தில் இறங்கினால் வேளாங்கண்ணி பக்கத்தில், சிதம்பரம் அரை நாள் தூரத்துக்குள். அந்தப் பக்கத்தை மட்டும் ஆறுதலாகப் பார்த்து, மதுரையை இன்னொரு வருடத்துக்கு வைத்தால் என்ன?

திரும்பி வரும் நாளையும் திட்டத்தில் சேருங்கள். நாற்பது நாட்கள் பிள்ளைகளின் சத்தத்துக்குள் இருந்துவிட்டுத் தனி வீட்டின் கதவைத் திறப்பது இலேசான காரியம் அல்ல. எமது தாயார் கொழும்பில் ஒரு இரவு தங்கிப் பகலில்தான் ஊருக்கு வந்தார். கோழிகளைப் பார்த்துக்கொண்ட அயல்வீட்டுப் பெண்ணே முதல் நான்கு இரவுகளும் வந்து கூடப் படுத்தார். இதைப் போவதற்கு முன்பே பேசி வைத்திருந்தோம். பிள்ளைகள் மூவரும் முறை வைத்து மாலை ஏழு மணிக்குத் தொலைபேசி எடுப்பது என்றும் முடிவாகியிருந்தது. கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி, வந்திறங்கிய ஐந்தாம் நாளுக்குப் போடப்பட்டிருந்தது. நீங்களும் புறப்படுவதற்கு முன்பே அந்தத் திகதியைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.